நடு வரை தேய்க்காத படிகங்கள்

நான் எரிமலையைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவன். ஆனால் எரிமலைக்கு அடியில் பாறைக்குழம்பு எந்த வேகத்தில் மேலே ஏறுகிறது, கிளம்பியதிலிருந்து வெடிக்கிற வரை எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் போடுகிறவர்களிடம் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கணக்கு அவர்களுடையது, கல்லைத் தேய்த்துக் கொடுப்பது என்னுடையது. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கல்லு தேய்க்கிறேன்" என்றுதான் சொல்வேன். என் மாமனார் ரொம்ப நாள் நான் கிரானைட் கம்பெனியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வேலையில் ஒரு பெண்ணின் ஆறு வருடப் படிப்பை நான் பாழாக்கினேன். கை பயந்து செய்தது பாதி, வாய் திறக்காமல் செய்தது பாதி. கை பயந்ததை மன்னித்துவிடலாம். மற்றதை என்ன செய்வது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. பூமிக்கு அடியில் நடப்பதை யாரும் இறங்கிப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் எரிமலை துப்பின சாம்பலையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டு வந்து அதில் தேடுகிறார்கள். அந்தக் கல்லுக்குள் ஆலிவின் என்று வெளிர்ப் பச்சையாகச் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும், கற்கண்டை உடைத்தால் கீழே சிந்துகிற பொடி அளவுக்கு. இந்தப் படிகம் பூமிக்குள் பழைய குழம்பில் சும்மா கிடக்கும். ஒரு நாள் அடியிலிருந்து புதுக் குழம்பு சூடாக ஏறி வந்து அதில் கலக்கும். அப்போது படிகத்தின் மேல் புதிதாக ஒரு தோல் வளரும். பழைய உடம்பில் இரும்பு கூடுதல், புதுத் தோலில் மக்னீசியம் கூடுதல். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை முதலில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். பிறகு அந்தச் சூட்டில் இரும்பு அந்தப் பக்கம் போக, மக்னீசியம் இந்தப் பக்கம் வர, கோடு கலங்கி அகலமாகிக்கொண்டே போகும். புது வேட்டியை ஊறப்போட்டால் கரையின் சாயம் வெள்ளையில் இறங்குமே, அந்த மாதிரி. சாயம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் ஊறியது என்று சொல்லிவிடலாம், தண்ணீரின் சூடு தெரிந்திருந்தால். மலை வெடித்து வெளியே விழுந்ததும் படிகம் ஆறிவிடும், கலக்கமும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே அந்தக் கலங்கலின் அகலம்தான், புதுக் குழம்பு வந்ததற்கும் மலை வெடித்ததற்கும் இடையில் ஓடின காலம். படிகம் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வேறு வழியில் கண்டுபிடிப்பார்கள். ஆழத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அகலம் இரண்டு மடங்கானால் காலம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகிவிடும். அதனால் அகலத்தை அளப்பதில் பிசகினால் எல்லாம் போச்சு. அகலம் சரியாக வர வேண்டுமென்றால் படிகத்தின் நடு வரை தேய்த்திருக்க வேண்டும். அவித்த முட்டையை நட்டநடுவில் வெட்டினால் வெள்ளைக்கரு மெல்லிய வளையமாகத் தெரியும். ஓரமாகச் சீவினால் மஞ்சள் சின்னப் பொட்டாகவும் சுற்றிலும் வெள்ளை அகலமாகவும் தெரியும். முட்டை ஒன்றுதான், வெட்டினவன் கைதான் வேறு.

அந்தப் பெண் எங்கள் கட்டடத்தில் ஆராய்ச்சி மாணவி. தர்மபுரிப் பக்கம். பொம்மனஹள்ளியில் அண்ணன் வீட்டு மாடியில் தங்கி, இரண்டு பஸ் மாறி, நகரத்தின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு வந்துகொண்டிருந்தாள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அவள் உட்கார்ந்திருந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கலாம் என்று கிண்டல் செய்வேன். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் இங்கிலீஷோ கன்னடமோ பேசுவார்கள். அவள் ஒருத்திதான் என்னிடம் தமிழில் பேசினாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். முதல் நாள் நான் மேடம் என்றதற்கு, "மேடமெல்லாம் வேணாம்ணா, பேஜாரா இருக்கு" என்றாள். அதோடு மேடம் போய், வாம்மா போம்மா ஆகிவிட்டது.

அவளுடைய கற்கள் ஒரு தீவிலிருந்து வந்தவை. அங்கே ஆள் இறங்க அனுமதி வாங்கவே இரண்டு வருடம் ஆனது. கடல் கொந்தளிப்பில் கப்பல் அரை நாளுக்கு மேல் நிற்கவில்லை. கையில் கிடைத்தது இரண்டு சின்னப் பை. திரும்பப் போக வழி இல்லை. அதிலிருந்து பைனாகுலர் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நல்ல படிகங்களாக எடுத்துக்கொடுத்தாள். நான் அவற்றை நாணயம் அளவு பிளாஸ்டிக் வளையத்துக்குள் ஒட்டி, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, காய்ந்ததும் தண்ணீர் விட்டு எமரித் தாளில் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்ப்பது, கழுவுவது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, மறுபடியும் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்கப் படிகத்தின் முகம் பெரிதாகிக்கொண்டே வரும். வளர்வது எப்போது நிற்கிறதோ அதுதான் நடு. அதற்கு மேல் போனால் சிறுக்க ஆரம்பிக்கும். சங்கடம் என்னவென்றால், நடுவில் நிற்கும்போது இதுதான் நடு என்று தெரியாது. கொஞ்சம் தாண்டின பிறகுதான் தெரியும்.

அதற்கு முந்தின வருடம் வேறொரு மாணவருக்குத் தேய்க்கும்போது நான் அப்படித் தாண்டித் தாண்டி, ஒரு வளையத்தில் பாதிப் படிகங்களைக் கரைத்துவிட்டேன். பேராசிரியர் எல்லார் முன்னாலும் வைத்து, நீ தேய்த்தது கல்லை இல்லை, என் மூன்று வருடத்தை என்றார். என் வேலை பதினோரு மாத ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, அவர்கள் கையெழுத்துப் போட்டால் மறுபடி வர வேண்டும். அந்த வருடம் கையெழுத்து வர இரண்டரை மாதம் ஆனது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. அவளுடைய படிகங்கள் கைக்கு வந்தபோது, தாளில் நான்கு தரம் இழுப்பதற்குள் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். முகம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். போதும், இவ்வளவு தெரிந்தால் போதும் என்று எல்லா வளையத்தையும் முன்கூட்டியே நிறுத்திவிட்டேன்.

யாரும் குறை சொல்லவில்லை, மாறாகப் பாராட்டினார்கள். எலக்ட்ரான் கதிரை அடித்துப் படம் எடுக்கிற ப்ரோப் இயந்திரத்தில் வைத்ததும், அகலமான கலங்கல் வளையங்கள் அவ்வளவு அழகாக வந்தன. மற்றவர்களுக்கெல்லாம் மெல்லிய கோடாக வந்து அளக்கவே கஷ்டமாக இருக்கும். அவளுக்கு ஒவ்வொன்றும் பட்டை பட்டையாக வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வராந்தாவில் மாட்டினார்கள். அதில் எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அவள் கணக்குப் போட்டுச் சொன்ன விடை ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். புதுக் குழம்பு உள்ளே வந்து, ஒரு வருடத்துக்கும் மேலாக மெதுவாக ஏறி, பிறகுதான் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த விடை வேண்டியிருந்தது வேறொரு நாட்டுக்காரர்களுக்கு. அங்கே இதே ஜாதி எரிமலை ஒன்றின் காலடியில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மலை அசைய ஆரம்பித்தால் அவர்களைக் கிளப்ப எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பது அந்த மலையைக் கண்காணிக்கிற நிலையத்துக்குத் தெரிய வேண்டும். பட்டம் கையில் வந்ததும் எங்களிடம் வந்து சேர் என்று அவளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவள் அந்தக் கடிதத்தை போனில் எனக்குக் காட்டினாள். அண்ணன் வீட்டில் இடித்துக்கொண்டு படுக்கிற வாழ்க்கை முடியப்போகிறது என்று சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது.

பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்டு எல்லாவற்றையும் காட்டுகிற நாள் ஒன்று வருடத்துக்கு ஒரு முறை வரும். அதற்கு ஏதாவது காட்சிப் பொருள் வேண்டும் என்றார்கள். அவள் அளந்து முடித்த வளையங்களில் ஒன்றை எடுத்து, பளபளப்பாகத் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வெறும் காட்சிக்குத்தானே, கெட்டால் கெடட்டும் என்று பயமில்லாமல் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால் ஒவ்வொரு படிகமும் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியென்றால் நான் முன்பு நிறுத்தின இடம் நடு இல்லை. பிள்ளைகளுக்காக அதை ப்ரோப்பில் வைத்தபோது, அதை இயக்குகிற கன்னடக்காரர் "நோடி, நோடி" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். பட்டை பட்டையாக இருந்த கலங்கல், பாதி அகலம்கூட இல்லாமல் மெல்லிய வளையமாகச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை அடுத்த படத்துக்கு மாற்றினார்.

பாதி அகலம் என்றால் கால்வாசிக் காலம். ஒரு வருடத்துக்கு மேல் என்பது மூன்று மாதம் ஆகிவிடும். அந்தக் கணக்கு போட எனக்கு டாக்டர் பட்டம் தேவைப்படவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்போது அவள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டுதான் இருந்தாள், ஒப்படைக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளினேன். ஒரு வாரம் கழித்து அவளே என் அறைக்கு வந்தாள். எப்படித் தேய்த்தோம் என்று எழுதுகிற பகுதியில் இருந்தாளாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"அண்ணா, எல்லாத்தையும் நடு வரைக்கும் தேச்சீங்கல்ல? அப்படியே எழுதிடட்டுமா?"

"எழுதும்மா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கிறவனுக்கு அது பூசணிக்காயாகத் தெரிவதில்லை, ஒரு சின்னச் சொல்லாகத்தான் தெரிகிறது. என் தரப்பில் காரணங்கள் இருந்தன. மகளுக்குக் காலேஜ் அட்மிஷன், சில மாதத்தில் முடியப்போகிற ஒப்பந்தம், முன்பு வாங்கின ஏச்சு. எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. திருடனுக்கும் இருக்கிறது.

ஆய்வேடு போனது. சில மாதம் கழித்து, ஆய்வேட்டைப் பற்றி எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கிற வைவா வந்தது. வைவா என்றால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். என்னைப் போன்றவர்கள் சமோசாவுக்காகப் போவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள், அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் இருந்தார்கள். நன்றாகத்தான் பேசினாள். முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், வயதானவர், வராந்தாவில் மாட்டியிருந்த அதே படத்தைத் திரையில் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். இந்தக் கலங்கல் வளையங்கள் இவ்வளவு அகலமாக இருப்பது எனக்கு உறுத்துகிறது, படிகங்கள் நடுவில் வெட்டப்பட்டவைதானா, யார் தேய்த்தது என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் தேய்த்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "நடுவைத் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். தவறு என்னுடையது."

அவளுடைய ஆய்வை மேற்பார்த்த கைடுக்கு யார் தேய்த்தது என்று தெரியும். அவர் குனிந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். எழுந்து நின்று, இல்லை ஐயா, நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது, ஏன் பொய் சொல்கிறாள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யோசித்தாலே நல்லவன் ஆகிவிடலாம் என்பது போல.

எல்லாவற்றையும் திரும்ப அளந்து, திரும்ப எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்ப அளக்க அவளிடம் என்ன இருந்தது? உதவித்தொகை முடிந்துவிட்டது. பதிவுக் காலமும் அந்த வைவாவோடு முடிந்துவிட்டது, அது முடிந்தவர்களுக்கு ப்ரோப்பில் நேரம் கிடையாது. சபையில் தலைகுனிந்த கைடு காலத்தை நீட்டிக்கச் சொல்லி அவளுக்காக ஒரு வரி எழுதித் தர மறுத்துவிட்டார். அந்த வெளிநாட்டு நிலையம் சொன்ன தேதி வரை பார்த்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. வராந்தாவில் இருந்த படத்தைக் கழற்றும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஆணியைக்கூட நானே பிடுங்கினேன். அந்த மாதம் என் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒரே வாரத்தில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மனஹள்ளிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவள் மாடி அறையில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போகிறாளாம். அண்ணி கீழிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று ஆரம்பித்தேன்.

"தேச்ச விஷயம்தானேண்ணா?" என்றாள். கையில் இருந்த சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள். "எனக்குத் தெரியும். வைவாக்கு ஒரு வாரம் முன்னாடி, ஸ்லைடுல போட நல்ல படம் ஒண்ணு வேணும்னு, அந்தப் பசங்களுக்குக் காட்டின வளையத்த ப்ரோப்ல வெச்சேன். பாத்த உடனே புரிஞ்சிருச்சு. ப்ரோப் ஓட்டறவர்கிட்ட கேட்டேன். அன்னிக்கே நீங்க பாத்துட்டீங்கன்னு சொன்னாரு."

"அப்பவே ஏம்மா என்னக் கேக்கல?" என்றேன். கேட்கிற உரிமை எனக்கு இருந்த மாதிரி கேட்டேன்.

"கேட்டா நான் உங்கள கையும் களவுமா புடிச்ச மாதிரி ஆயிடும். உங்க கான்ட்ராக்ட் அந்த மாசம்தான். நீங்களா வந்து சொன்னா வேற. ரெண்டு பேருமா கைடுகிட்ட போயி, தேய்ப்பு கம்மி ஆயிடுச்சு, வைவாவ ஒரு மாசம் தள்ளி வைங்கன்னு கேட்டிருக்கலாம். கல்லு எங்கயும் போகலையேண்ணா. நீங்க அதிகமா தேய்க்கல, கம்மியாதானே தேச்சீங்க. நடு உள்ளயே பத்திரமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தேச்சிருந்தா போதும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை மாதமும் போனது போனதுதான், இனி என்ன செய்ய முடியும் என்று சொல்லிச் சொல்லியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே போகவில்லை. கரைத்துத் தொலைத்த கல்லுக்குப் பயந்தவன், கரையாத கல்லைப் பார்க்கவே இல்லை.

"அந்த ஒரு வாரமும் நாலு மணி ஆனா உங்கள டீக்குக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டுக்குக் கயிறு அறுத்தாள்.

ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. எங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிக் கடை. திங்கட்கிழமை மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்டதைத் திட்டினேன். செவ்வாய்க்கிழமை என் மகளுக்கு சீட் கிடைத்த கதையைச் சொன்னேன். புதன்கிழமை மழை. வியாழக்கிழமை அவள் பேச்சே எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "வேற ஏதாச்சும் சொல்லணுமாண்ணா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, டீ ஆறிப்போவுது, குடி" என்றேன்.